மாறனார் வீட்டு அயலவர்

சிவமயம்



நகுல முனிவருக்குக் கீரிமுகம் நீங்கியதும், மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரைமுகம் நீங்கியதும் இத்தீர்த்தத்தின் மகிமையால் என்று எம் முன்னோர் சொல்லிவந்த புண்ணிய பூமியிலே நாம் வாழ்கின்றோம். உப்புக் கடலின் ஓரத்திலே ஊறும் கேணி ஒருபுறமும் நகுலேஸ்வரப் பெருமானின் சந்நிதி மறுபுறமுமாக அமைந்த ஊர் இது. ஆடி அமாவாசையன்று குடாநாட்டின் நாலா திசைகளிலிருந்தும் சனங்கள் இங்கு வந்து பிதிர்க்கடன் செய்கின்றனர். அந்தியேட்டிக்கு அஸ்தியைக் கொண்டுவருவதும் இக்கடற்கரைக்கே. இறந்தவர்களுக்குப் பிண்டம் வைத்துப் பசியாற்றும் ஊர் எங்கள் ஊர். ஆதலால் உயிரோடிருக்கும் அயலவரின் பசியைப் பற்றி இவ்வாண்டு மலரிலே சில வார்த்தைகள் எழுதுவது பொருத்தமென எண்ணுகின்றேன்.

அன்னதானத்தின் சிறப்பைச் சொல்ல வரும் எவரும் முதலில் எடுப்பது இளையான்குடி மாறநாயனாரின் சரிதத்தையே. சேக்கிழார் பெருமான் பாடிய அறுபத்து மூவருள் ஒருவராகிய இவருக்கு ஆவணி மகத்திலே குருபூசை. கதை யாவரும் அறிந்தது. ஆனாலும் ஒருமுறை நினைவுகூர்வோம்.

மாறனார் பெருஞ்செல்வர். அடியார் யார் வந்தாலும் எதிர்கொண்டு அழைத்து, பாதம் விளக்கி, அறுசுவையோடு அமுதளித்து வந்தார். செல்வம் இருக்கும்போது கொடுப்பவர் வறுமையிலும் கொடுப்பாரா என்பதை உலகுக்குக் காட்டச் சிவபெருமான் திருவுளங்கொண்டார். செல்வம் சுருங்கியது. உள்ளதை விற்றார், கடன் பட்டார், கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பகல் முழுதும் உண்ணாதிருந்த ஒரு நாள் இரவு, அடைமழையிலே அடியார் ஒருவர் நனைந்துகொண்டு படலையடியில் வந்து நின்றார். மாறனார் அவரை உள்ளே அழைத்து, ஈரந் துடைத்து, ஆசனமிட்டு இருத்தினார். பின்னர் மனைவியாரிடம் என்ன செய்யலாம் என்று கேட்டார். வீட்டில் ஒரு மணி அரிசியும் இல்லை. அன்று பகல் வயலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைத்துத் தரலாம் என்ற யோசனையைச் சொன்னவர் அந்த அம்மையாரே. இருட்டிலே இறைகூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காலால் வழியைத் தடவித் தடவிச் சென்று, மழைநீரில் மிதந்து வரம்போரம் ஒதுங்கியிருந்த முளைநெல்லை வாரி வந்தார் நாயனார். விறகுக்குக் கூரை வரிச்சுகளை அறுத்துப் போட்டார். கறிக்கு இன்னும் முற்றாத பயிரைப் பிடுங்கி வந்தார். அமுது தயாரானதும் அடியாரை எழுப்பினார். அடியார் சோதியாய் எழுந்து, உமையம்மையோடு இடபவாகனத்தில் காட்சி தந்தார்.

இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் நாம் மாறனாரைப் பார்த்துக் கைகூப்புகின்றோம். அது முறையே. ஆனால் கதையில் இன்னுஞ் சிலரும் இருக்கின்றனர். அவர்களை நாம் கவனிப்பதில்லை. அவர்களே மாறனார் வீட்டு அயலவர்.

அயலவர் இச்சரிதத்தில் நேரில் வருவதேயில்லை. அம்மையாரின் வார்த்தையில் மட்டும் ஒருமுறை தலைகாட்டுகின்றனர். பிறரும் இனி எங்களுக்குத் தரமாட்டார்கள், நேரமும் போய்விட்டது என்ற கருத்தில் அவர் சொல்கின்றார். அவ்வளவுதான். அவர்களைக் கொடியவர் என்று சேக்கிழார் சொல்லவில்லை. முன்பு பலமுறை கொடுத்தவர்களாகவே அவர்கள் இருந்திருக்கலாம். கொடுத்துக் கொடுத்துக் களைத்திருக்கலாம். "இவர்கள் கேட்டால் அல்லவோ கொடுப்பது" என்று படுத்திருக்கலாம். அந்த மழையிரவிலே நான்கு பக்கத்து வீடுகளில் யாரேனும் ஒருவர் ஒரு கொத்து அரிசியோடு படலையைத் திறந்திருந்தால், விதைத்த நெல்லைத் தோண்டவேண்டிய அவசியம் அந்தக் குடும்பத்துக்கு வந்திராது.

அடியார்களே, நம்மில் எவருக்கும் மாறனாராகும் வல்லமை எளிதில் வாய்க்காது. ஆனால் நாம் எல்லோரும் யாரோ ஒருவருக்கு அயலவர். ஆகவே இச்சரிதம் நம்மிடம் கேட்கும் கேள்வி, "நீ மாறனாரா?" என்பதன்று, "மாறனார் வீட்டுக்குப் பக்கத்து வீடு உன்னுடையதா?" என்பதே.

விதைநெல்லைத் தோண்டுவது என்றால் என்ன? நாளைய சோற்றை இன்று உண்பது. மாறனாருக்கு மறுநாள் சிவலோகம் கிடைத்தது. சாதாரண சனங்களுக்கு மறுநாளும் அதே அடுப்பு, அதே வெறும் பானை. பசி வந்த வீடு முதலிற் பட்டினி கிடப்பதில்லை. முதலில் தாலிக்கொடியை ஈடு வைக்கின்றது. பிறகு ஆட்டை விற்கின்றது. வலையை, என்ஜினை, தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை விற்கின்றது. பிறகு மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்து வேலைக்கு அனுப்புகின்றது. இவை எல்லாமே விதைநெல். அவற்றைத் தோண்டிய பிறகு நாம் நிவாரணப் பொதியோடு போனால் வயிறு நிறையலாம். அந்த வீடு நிமிராது. உதவி போகவேண்டியது அதற்கு முன்பு. அந்த "முன்பு" எப்போது என்பது அரசாங்கத்துக்கோ வெளிநாட்டு நிறுவனத்துக்கோ தெரியாது. அயலட்டைக்கு மட்டுமே தெரியும்.

இதை எடுத்துச் சொல்ல எங்கள் ஊரைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்குச் சனங்கள் உடுத்த உடுப்போடு வெளியேறினர். செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர்களும், கடலுக்குப் போனவர்களும், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் சம்பளம் எடுத்தவர்களும் ஒரே நாளில் கையேந்தும் நிலைக்கு வந்தனர். அவர்களுட் சிலர் மல்லாகம் கோணப்புலம் போன்ற முகாம்களில் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தனர். பொருளாதாரத் தடைக் காலத்தையும், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வையும், 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின் சங்கக்கடை வாசலில் நின்ற வரிசையையும் கண்டவர்கள் நாம். அக்காலங்களில் எங்களைக் காப்பாற்றியது எது? நிவாரண அரிசியும் மாவும் உண்மைதான். ஆனால் நிவாரணம் வரும்வரை காப்பாற்றியது, முன்பின் தெரியாத ஊரில் தங்கள் திண்ணையையும் கிணற்றையும் அடுப்பையும் திறந்துவிட்ட அயலவரே. ஒடியற் கூழையும் மரவள்ளிக் கிழங்கையும் பகிர்ந்து உண்ட அந்த நாட்களை மறந்தவர் எங்களில் இருக்க முடியாது.

2009 இல் யுத்தம் முடிந்தபின் கட்டங்கட்டமாக ஊர் திரும்பினோம். பற்றை வெட்டினோம், வீடு கட்டினோம், கோயில்களைப் புனருத்தாரணம் செய்தோம். பசி போய்விட்டது என்று எண்ணியிருந்த வேளையில் 2022 வந்தது. அதற்கு முதல் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டதால் விளைச்சல் விழுந்திருந்தது. பின்னர் நாட்டில் டொலர் இல்லாமற் போனது. 2022 செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 95 வீதம் உயர்ந்திருந்ததாகக் கொழும்புக் கணிப்பு காட்டியது. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. எங்கள் கரையிலுள்ள சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. படகு ஓடாவிட்டால் கரையில் அடுப்பு எரியாது. நாட்டில் 63 இலட்சம் பேர், அதாவது பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர், போதிய உணவின்றி இருப்பதாக ஐக்கிய நாடுகளின் உணவு நிறுவனங்கள் அவ்வாண்டு மதிப்பிட்டன. அடுத்த ஆண்டு அத்தொகை 39 இலட்சமாகக் குறைந்தது. குறைந்தது நல்லதே. ஆனால் அதற்கிடையில் எத்தனை வீடுகள் விதைநெல்லைத் தோண்டிவிட்டன என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.

முப்பது வருடத்துக்கு மேலாக அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவன் என்ற முறையில் பட்டியல்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம். பட்டியல் தேவை. அது இல்லாமற் பொது நிதியைப் பங்கிட முடியாது. ஆனால் பட்டியல் ஒரு குறித்த திகதியில் எடுக்கப்படுகின்றது; பசி திகதி பார்த்து வருவதில்லை. கணக்கெடுப்பு முடிந்த மறுமாதம் குடும்பத் தலைவன் கடலில் விபத்துக்குள்ளானால் அந்தக் குடும்பம் அடுத்த பட்டியல்வரை காத்திருக்க வேண்டும். சமுர்த்திக்குப் பதிலாக 2023 இல் "அஸ்வெசும" வந்தபோது நாடு முழுவதிலுமிருந்து இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் போயின. கல்வீடு இருக்கின்றது என்பதால் வருமானமும் இருக்கின்றது என்று படிவம் எண்ணிக்கொள்ளும். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீட்டின் உள்ளே அரிசிப் பானை வெறுமையாய் இருப்பதைப் படிவம் காணாது. பத்திரம் தொலைந்தவர், தனித்து வாழும் முதியவர், கேட்க வெட்கப்படுபவர் ஆகிய மூவரும் எல்லாப் பட்டியல்களிலிருந்தும் தவறுகின்றனர். இவர்களுள் மூன்றாமவரே எங்கள் ஊரில் அதிகம். "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டால், "ஓம், இப்பதான் சாப்பிட்டது" என்பார்கள். யாழ்ப்பாணத்தான் பசியை மறைக்கும் அளவுக்கு வேறெதையும் மறைப்பதில்லை.

இப்படிப்பட்ட காலங்களில் சைவப் பெரியார் என்ன செய்தனர்? தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மழை பொய்த்தது, பேதிநோயும் பரவியது. 1877 ஆம் ஆண்டளவில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். நூல் பதிப்பும், பிரசங்கமும், பாடசாலையுமாக இருந்தவர், தம் இறுதிக் காலத்தில் கஞ்சிப் பானையடிக்கு வந்தார். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னர், 1867 மே 23 அன்று, வடலூரிலே இராமலிங்க அடிகள் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாதிருக்கின்றது. இவ்விருவருக்கும் அடிகளாரின் பாடல்களைப் பற்றிப் பெரும் கருத்து வேறுபாடு இருந்தது. 1869 இல் அது மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. ஆனால் பசித்தவனுக்கு முதலிற் கஞ்சி ஊற்றவேண்டும் என்பதில் இருவருக்கும் வேறுபாடு இருக்கவில்லை. கோயில் நிர்வாகத்தில் ஆயிரம் அபிப்பிராய பேதம் உள்ள எங்களுக்கு இது ஒரு பாடமாகும்.

இனி, கொடுப்பது எப்படி என்பதைச் சிந்திப்போம். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பர் பெருமானும் சம்பந்தப் பெருமானும் அங்கு எழுந்தருளியிருந்தனர். இறைவன் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஒரு பொற்காசு வைத்தருளினார். அதைக் கொண்டு இருவரின் மடங்களிலும் அடியார்களுக்கு அமுதளிக்கப்பட்டது. ஆனால் அப்பர் மடத்தில் நேரத்துக்குப் பந்தி நடந்தது. சம்பந்தர் மடத்தில் தாமதமாயிற்று. ஏன் என்று விசாரித்தார் பிள்ளையார். அப்பருக்குக் கிடைத்த காசு வாசியில்லாத காசு. கடைக்காரர் உடனே பண்டம் கொடுத்துவிடுகின்றனர். சம்பந்தரின் காசுக்கு வட்டம் கொடுக்கவேண்டியிருந்தது. அதனாலே பண்டம் வாங்கச் சுணங்கியது. உழவாரம் பிடித்துக் கையால் தொண்டு செய்தவருக்கு நல்ல காசு கிடைத்ததென்று பெரியோர் விளக்கம் சொல்வர். சம்பந்தர் இறைவனை வேண்டி வாசி தீர்க்கப் பெற்றார்.

இங்கு கவனிக்கவேண்டியது, சம்பந்தர் வருந்தியது தம் காசின் குறைக்காக அல்ல, அடியார் பசியோடு காத்திருக்க நேர்ந்தமைக்காகவே என்பது. நாம் கொடுக்கும் பொதியிலும் வாசி உண்டு. ஐயாயிரம் ரூபாப் பொதியைக் கொடுத்துவிட்டு, வாங்குபவரைப் பதாகைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தால், அந்தப் படத்தை அவருடைய பிள்ளையின் வகுப்பு முழுவதும் தொலைபேசியில் பார்த்தால், அப்பொதியின் பெறுமதி பாதிதான். "அவைக்கு நாங்கள்தான் அரிசி குடுத்தது" என்று சந்தியில் நின்று சொன்னால் மீதிப் பாதியும் போய்விடும். பிந்திக் கொடுப்பதும் வாசி. "எங்கள் ஆட்களுக்கு மட்டும்" என்று கொடுப்பது எல்லாவற்றிலும் பெரிய வாசி. 1968 இல் மாவிட்டபுரத்திலே ஆலயத்துக்குள் வந்து வழிபட உரிமை கேட்டு வாசலிற் சத்தியாக்கிரகம் இருந்த காலத்தை இப்பகுதி கண்டிருக்கின்றது. அப்படியான வாசல் ஒன்று சோற்றுப் பந்திக்கும் இருக்கலாகாது. பசிக்குக் குலம் கேட்பவன் சிவனடியான் அல்லன்.

ஆகையால் அடியார்களின் சிந்தனைக்குச் சில யோசனைகளை முன்வைக்கின்றேன்.

முதலாவது, பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தருமத்துக்கென்று வேறு பானையில் இடுவது எம் பாட்டிமாரின் வழக்கம். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நூறு வீடுகள் இட்டால் நாளொன்றுக்கு 5 கிலோ, மாதத்துக்கு 150 கிலோ. பதினைந்து குடும்பங்களுக்கு மாதம் பத்துக் கிலோ வீதம் கொடுக்கலாம். கொடுத்த வீடு எதுவும் ஏழையாகாது. இதற்கு வெளிநாட்டுப் பணம் வேண்டியதில்லை. கனடாவிலும் இலண்டனிலும் உள்ள எம் உறவுகள் அனுப்புவதைப் பருப்புக்கும் எண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வைக்கலாம்.

இரண்டாவது, வளவு. முருங்கை, பூசணி, மரவள்ளி, இராசவள்ளி, அகத்தி ஆகியன அதிக தண்ணீர் கேட்பனவல்ல. வேலிக்கரை முருங்கையின் இலையை மாட்டுக்கு வெட்டிப் போடுவதற்கு முன் அயல்வீட்டுப் பிள்ளையை நினைப்போம். தோட்டக்காரர் சந்தையில் விலைபோகாத மரக்கறியை எறிந்துவிட்டு வருவதிலும் பார்க்க, வரும் வழியில் மடைப்பள்ளித் திண்ணையில் வைத்துச் செல்லலாம். தேவையானவர் யாரையும் கேளாமல் எடுத்துச் செல்லட்டும்.

மூன்றாவது, கண். உங்கள் ஒழுங்கையில் எந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பள்ளிக்கூடம் போவதில்லை, எந்த ஆச்சி தேநீரோடு பகலைக் கழிக்கின்றார், எந்த வீட்டு ஆடு திடீரெனக் காணாமற் போயிற்று, எந்தத் தாய் அர்ச்சனைக்குக் காசில்லை என்று கோயிலுக்கு வருவதையே விட்டார் என்பன உங்களுக்குத் தெரியும். அதை வம்பாக்காமல், நம்பிக்கையான ஒருவரின் காதில் மட்டும் போடுங்கள்.

நான்காவது, கை. பொதியைக் கொண்டுபோகவேண்டியவர் தர்மகர்த்தா அல்லர். பக்கத்து வீட்டு அக்கா கொண்டுபோகட்டும். "கோயில் அரிசி கொஞ்சம் மிஞ்சிப்போச்சு, வீணாகப் போகுது, எடுங்கோ" என்று சொல்லட்டும். பொருந்தி வரும்போது அந்த வீட்டாரும் ஒரு பிடி அரிசி திருப்பி இடட்டும். இடும் கையும் எடுக்கும் கையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதை 1990 எமக்குக் கற்பித்திருக்கின்றது.

ஐந்தாவது, உபயம். மகோற்சவ காலத்தில் அன்னதானம் நடக்கின்றது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே அழைக்கும் நாடு இது. அன்னதானத்தைக் குறைக்கும்படி நான் சொல்லவில்லை. ஆனால் பந்தியில் வந்து அமர்பவரிற் பெரும்பாலோர் வீட்டிலும் சாப்பிடக்கூடியவர்கள். பந்திக்கு வர வெட்கப்படுபவரின் வீட்டுக்குச் சோறு போவதில்லை. ஓர் இரவு வாணவேடிக்கைக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை உபயகாரர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு ஒதுக்கி வைத்தால், கடலுக்குப் போகமுடியாத அந்த மாரி நாட்களிலே பானை வெறுமையாகும் வீடுகளுக்கு அது எம்பெருமானின் கை போலச் சென்று சேரும். சுவாமிக்கு இதனால் ஒளி குறையாது.

அடியார்களே, மாறனாரின் படலையடியில் மழையில் நனைந்து நின்றவர் சிவபெருமான் என்று நமக்குத் தெரியும். அதனாலே அக்கதையைக் கேட்டு உருகுகின்றோம். மாறனாருக்கு அது தெரியாது. வந்தவர் பசியோடு வந்திருக்கின்றார் என்பது மட்டுமே அவருக்குத் தெரிந்திருந்தது. அதுவே அவருக்குப் போதுமாயிருந்தது. நமக்கும் அதுவே போதுமாக வேண்டும்.

அடுத்த மாரிக்கு முன்னர் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஒரு பிடியரிசிப் பானை இருக்கட்டும். இவ்வூரில் எவரும் விதைநெல்லைத் தோண்டாதிருக்க நகுலாம்பிகை சமேத நகுலேஸ்வரப் பெருமான் திருவருள் பாலிப்பாராக. மழை பெய்து, கடல் அமைந்து, எல்லா வீடுகளிலும் உலை கொதிக்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.

தர்மகர்த்தா சபை உறுப்பினர்,
ஓய்வுபெற்ற அரச எழுதுவினைஞர்,
கீரிமலை.